ஐஸ் முதலாளி வீட்டுக் கதவு

டொக். பிறகு ஓர் இழுவை. மறுபடியும் டொக்.

ஐஸ் தொழிற்சாலை வைத்திருப்பவர்கள் வீட்டில் இருட்டியபின் கேட்கிற எந்தச் சத்தமும் நல்லதுக்கல்ல. கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோவது அதைவிடக் கெட்டது. பரம்பரைத் தொழில் ஒன்று தலையில் விழுந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தும்பு ஆலையோ, அரிசி ஆலையோ, பாண் பேக்கரியோ, உங்கள் வீட்டுக்கும் ஒரு சத்தம் இருக்கும். அது ஒழுங்காகக் கேட்கும்வரைதான் உங்களுக்கும் நித்திரை.

எங்கள் வீட்டுச் சத்தம், ஐஸ் உறைய வைக்கிற அமோனியா மெஷின். முந்தலுக்கு மேற்கே, களப்பு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில், வீடும் ஐஸ் தொழிற்சாலையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் ஒரு கதவு. அந்தக் கதவை அப்பா ஒரு இரவுகூடப் பூட்டியதில்லை. இளவயதில் நீர்கொழும்பிலிருந்து உமிக்குள் புதைத்து ஐஸ் கொண்டுவந்து விற்றவர் அவர். வழியில் பாதி உருகிவிடும். உருகியதற்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார் என்று ஊரில் இன்றைக்கும் கதை. அந்த உமி வியாபாரத்திலிருந்து இரண்டு மெஷின், இரண்டு லொறி, 'ஐஸ் முதலாளி' என்ற பெயர் எல்லாம் வந்தன. மெஷினின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் நித்திரையிலிருந்து எழும்பி ஓடுவார். ஓடுகிற மனிதன் தாழ்ப்பாளைத் தேடக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

கச்சான் காற்று அடித்து வள்ளங்கள் கரையில் கிடந்த காலத்தில் பாரிசவாதம் வந்து, அப்பாவின் வலது பக்கமும் பேச்சும் விழுந்துவிட்டன. அண்ணா இத்தாலியில். அம்மா நான் பள்ளியில் இருந்தபோதே போய்விட்டா. மிச்சம் நான்தான்: கன்னியர் மடத்தில் படித்து, தையலும் இங்கிலீசும் கதவைச் சத்தமில்லாமல் சாத்தவும் கற்றுக்கொண்டு, பல் முளைக்கும் கைக்குழந்தையோடு இருக்கிற நான். கணவர் நிக்சன் பின்னேரம் ஐஸ் லொறியை எடுத்தால் அடுத்த நாள் மத்தியானம்தான் திரும்புவார். இரவில் வீட்டில் அப்பா, மகள் ஜெனி, நான். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின். ஜெனி உறங்கியபின் இதை எழுதுகிறேன். பயம் எப்படியும் என்னை விழிக்க வைக்கிறது, சும்மா விழித்திருப்பானேன்.

பலகைமேல் நடந்தவர்

நான் பொறுப்பெடுத்த முதல் இரவில்தான் அந்த 'டொக்'கும் இழுவையும் கேட்டன. ஒரு கையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன், மறு கையில் டோர்ச். ஆபத்து வந்தால் முழங்காலில் நில் என்றுதான் மடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். நின்றேன். சத்தம் நிற்கவில்லை. எழும்பிப் போய்க் கதவைத் தள்ளினேன்.

ஐஸ் தொட்டியின் மேல் ஒரு மனிதன் நடந்துகொண்டிருந்தார். தொட்டி என்றால் ஒரு மண்டபம் அளவுக்கு உப்புத் தண்ணீர். அதற்குள் தண்ணீர் ஊற்றிய டின்கள் வரிசையாக அமிழ்ந்திருக்கும். மேலே பலகை மூடிகள். அந்தப் பலகைகளின் மேல் அப்பா, சாரத்தோடு, வலது காலை இழுத்து இழுத்து நடந்து, ஒவ்வொரு பலகையையும் கைத்தடியால் தட்டிக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஐஸ் உறைந்திருந்தால் ஒரு சத்தம், உறையாவிட்டால் வேறு சத்தம். ஒரு பலகை விலகியிருந்தால் போதும், அந்தக் காலோடு உள்ளே விழுந்து விறைத்துப் போவார். இரவு மெஷின் பார்க்கிற செபமாலை அண்ணன் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி நாடகம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னைக் கண்டதும், பாரிசவாதத்துக்குப் பிறகு வாயில் தெளிவாக மிஞ்சியிருந்த ஒரே சொல்லைச் சொன்னார்: "பிழை."

என்ன பிழை என்று கேட்கவா முடியும். முழுக்கப் பிழை: மெஷின் அறையில் பிள்ளையோடு ஒரு பெண், அவள் கையில் அவருடைய தொழிற்சாலை. அடுத்த நாள் காலையில் முதல் வேலையாக அந்தக் கதவின் வீட்டுப் பக்கத்துத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். கடற்காற்றில் துருப்பிடித்துக் கதவோடு கதவாக ஒட்டிப் போயிருந்தது. செபமாலை அண்ணனிடம் எண்ணெய் கேட்டேன். மெஷின் எண்ணெயைக் குவளையோடு தந்துவிட்டுச் சொன்னார்: "எண்ணெய் போடலாம் தங்கச்சி. ஆனா பூட்டின கதவுக்கு உள்ளுக்கு நிண்டு முதலாளி தடியால அடிச்சா, நான் உங்கட பக்கம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

எண்ணெய் போட்டேன். பூட்டவில்லை.

இத்தாலியிலிருந்து வந்த நிபந்தனை

அண்ணா அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறார். குளிப்பாட்டுவது, தூக்கி இருத்துவது, விழுந்தவர்களைப் பொறுக்கி எடுப்பது. ஆகவே அப்பா இரவில் பலகைமேல் நடக்கிறார் என்று நான் போனில் வாய் தவறிச் சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது. கடற்கரைப் பக்கம் ஹோட்டல் கட்ட ஒரு கம்பனி காணி தேடுகிறதாம், நல்ல விலையாம், வித்துப்போட்டு அப்பாவைப் புத்தளத்தில் ஒரு நல்ல வீட்டில் வைப்போமாம்.

எனக்கு அழுகை வந்தது. ஏன் வந்தது என்று எனக்கே விளங்கவில்லை. பயந்து சாகிற இடத்தை விற்கப் போகிறோம் என்றால் சந்தோஷப்பட அல்லவா வேண்டும். ஆனால் அந்தக் கிழமைதான் கச்சான் ஓய்ந்து வள்ளங்கள் இறங்கியிருந்தன. வாசலில் மீன் போடுகிற ரெஜிபோம் பெட்டிகளோடு ஆட்கள் நிற்க, நான் சொன்ன விலைக்கு முதன்முதலாக ஒருவர் தலையாட்டியிருந்தார். ஐஸ் விற்பதில் இவ்வளவு போதை இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. "ஒரு பருவம் தாங்க அண்ணா" என்றேன்.

அப்பாவைத் தடுக்கவும் பார்த்தேன். கதவுக்குக் குறுக்கே பெரிய கதிரையைப் போட்டேன். அவர் அதைத் தள்ளிக்கொண்டு தொட்டிவரை போய், களைத்தபோது அதிலேயே இருந்து இளைப்பாறினார். இதையும் கேட்டபின் அண்ணா சொன்னார்: "கோயில் திருநாளுக்கு நான் வாறன். நான் நிக்கிற நாளையில ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, அப்பா அந்தப் பலகைக்குப் போகாமப் படுத்துக் கிடந்தாரெண்டா, விக்கிற கதையே நான் எடுக்க மாட்டன்."

உடைக்கக் கேட்காத ஐஸ்

யுத்த காலத்தில் எங்கள் லொறிகளில் ஆசனத்துக்குப் பின்னால் ஓர் இரும்புக்கோல் தொங்கும். வடக்குப் பக்கம் போகிற ஐஸ் கட்டிக்குள் என்ன உறைய வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சோதனைச் சாவடியில் உடைத்துக் காட்டச் சொல்வார்கள். உடைத்த ஐஸ் போகிற இடம் போய்ச் சேராது. அப்பா கடைசியில் அந்தப் பாதையையே விட்டுவிட்டார்.

யுத்தம் முடிந்து பாதை திறந்து, மன்னாரில் வள்ளங்களுக்குக் கட்டுப்பாடு தளர்ந்து, அங்கே ஐசுக்கு அடிபடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதல் லொறியில் நானும் ஏறினேன். ஜெனி மடியில். பின்னால் உமி போர்த்திய ஐஸ், சொட்டுச் சொட்டாக ரோட்டில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. மதவாச்சி தாண்டி ஒரு சாவடியில் சிப்பாய் ஒருவன் கையைக் காட்டினான். நிக்சன் ஒரு சொல்லும் கேட்காமல் பழக்கதோஷத்தில் இரும்புக்கோலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் ஜெனியை இறுக்கிக்கொண்டேன், அவள் வீரிட்டாள். சிப்பாய் கோலைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு பின்னால் மறைத்து வைத்திருந்த ஒரு சோடாப் போத்தலை நீட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். நிக்சன் சிரித்துக்கொண்டே எனக்குத் தமிழில் சொன்னார்: "'அண்ணே, நான் உடைக்கிறதுக்குக் கேக்கல்ல, குடிக்கிறதுக்குக் கேக்கிறன்' எண்டு சொல்றான்."

உப்பு மலிந்த ஊரில்

மன்னார் லொறி ஒன்று இரண்டாகியது. ஐஸ் போதவில்லை. ஒரு கட்டி உறைய ஒரு முழு இரவும் அதற்கு மேலும் வேண்டும். எனக்குப் பொறுமை போதவில்லை. உப்புத் தண்ணீர் எவ்வளவு கரிக்கிறதோ அவ்வளவு குளிரை உறையாமல் தாங்கும் என்று எனக்குத் தெரியும். புத்தளத்துக்காரருக்கு உப்பை எண்ணிப் போடும் பழக்கம் கிடையாது. கூப்பிடு தூரத்தில் உப்பளம் இருக்கிற எங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பிழை விடுகிற வசதி இருக்காது. மூட்டை மூட்டையாகத் தொட்டிக்குள் கொட்டி, இரண்டு மெஷினையும் சேர்த்து ஓடவிட்டேன். தொட்டி அதுவரை காணாத குளிருக்குப் போனது. ஐஸ் பாதி நேரத்திலேயே உறைந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன் என்று சொன்னால் மடத்துச் சிஸ்டர்மார் மன்னிக்க வேண்டும்.

ஞாயிறு காலை, பூசை முடிந்து சனம் எங்கள் வாசலால் போகிற நேரம், அந்தக் கட்டிகளை டின்னிலிருந்து கழற்றச் சாதாரணத் தண்ணீரில் அமிழ்த்தினோம். அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்த ஐஸ் சாதாரணத் தண்ணீரைக் கண்டால் தாங்காது. பட், பட், படார் என்று ஒவ்வொன்றாகப் பிளந்தது. வெளியே பூசை முடிந்து வந்த சனம் மதிலோரம் குந்திவிட்டது. ஒரு கிழவர் மதகுக்குள் பாதி போய்விட்டார். யுத்தம் முடிந்திருந்தது, காதுகளுக்கு இன்னும் முடியவில்லை. நான் வெளியே ஓடிப்போய் "ஐஸ், ஐஸ்தான்" என்று கத்தினேன்.

அன்றைக்குப் புத்தளத்து ஹாஜியார் மீன் ஏற்ற வந்திருந்தார். அப்பாவிடம் உமி காலத்திலிருந்து ஐஸ் எடுக்கிறவர். பிளந்து சில்லுச் சில்லாகக் கிடந்த குவியலைச் சுற்றி வந்தார், ஒரு துண்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். உள்ளே கதிரையில் இருந்து அப்பா "பிழை, பிழை" என்பது அவருக்கும் கேட்டது. அதைவிட மெதுவாக ஹாஜியார் சொன்னார்: "மகள், ஒங்கட வாப்பா எனக்கு ஐஸ் தந்தாரு, நீங்க கண்ணாடி தாறீங்க. நான் மீன் யாவாரி. கண்ணாடி வித்துப் பழக்கமில்ல."

கந்தகத் தூபம்

அமோனியாவை முகர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். முகராதவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. மூக்கு வழியாக ஒருவர் கையை விட்டு மூளையைப் பிடித்துத் திருகுவதுபோல இருக்கும். பொறுப்பெடுத்த நாளிலிருந்து நான் கனவில் முகர்ந்துகொண்டிருந்த அந்த மணம் ஒரு நாள் மத்தியானம் உண்மையாகவே வந்தது. கொஞ்சம்தான். ஐசுக்குக் காத்துக்கொண்டிருந்த பெர்ணதேத்து அக்காவின் மடியில் ஜெனியைப் போட்டு, "காத்து வாற பக்கமாப் போங்க" என்று விரட்டினேன். அக்கா கூடை மீன் விற்கிறவ. பிள்ளையையும் மீனையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு மா மரத்தடிக்குப் போய் நின்றா.

கசிவைக் கண்ணால் காண முடியாது. அதற்குக் கந்தகத் திரி இருக்கிறது. கொளுத்திக் குழாய் நெடுகக் கொண்டுபோனால், எங்கே அமோனியா வருகிறதோ அங்கே வெள்ளைப் புகை தடிப்பாக எழும்பும். செபமாலை அண்ணன் வால்வு திருகும் சாவியோடு பின்னால் வர, ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நான் திரியைப் பிடித்தேன். திரி குழாய்க்குக் குழாய், மூட்டுக்கு மூட்டுப் போனது. ஒரு வால்வின் கழுத்தில் புகை குபுக்கென்று வெளுத்தது. "அண்ணன், இஞ்ச" என்றேன். அவர் இரண்டு திருகு திருகினார். மறுபடி திரியைக் காட்டினேன். புகை இல்லை. எனக்கு அந்தக் குழாயைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. நான் கண்டுபிடித்தேன், என் மூக்கு, என் கை. வெள்ளைப் புகையோடு நான் வெளியே வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த பெர்ணதேத்து அக்கா மரத்தடியிலிருந்தே கேட்டா: "தூபம் காட்டி முடிஞ்சுதா பிள்ள? பூச முடிஞ்சா எனக்கு அந்த ரெண்டு கட்டியத் தாங்க, சூடை மீன் நாறுது."

சத்தமில்லாத காணி கேட்டவர்

திருநாளுக்கு முந்திய மாதத்தில் ஹோட்டல் கம்பனி ஆள் வந்தார். அண்ணா ஏற்பாடு பண்ணியது. கொழும்புக்காரர், நல்ல பண்பு, சப்பாத்தை வாசலிலேயே கழற்றினார். கடலைப் பார்த்தார், களப்பைப் பார்த்தார், சூரியன் எங்கே இறங்கும் என்று கையை நீட்டி அளந்தார். "அருமையான இடம். அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா, இடம் எப்படி இருக்கும் எண்டு கேட்டுப் பார்க்கலாம்" என்றார். நிறுத்த முடியாது என்றேன். மெஷினை நிறுத்தினால் எங்களுக்குச் செத்த வீடு எப்படி இருக்கும் என்றுதான் கேட்கும். அது அவருக்கு விளங்கியிராது.

அப்பா கதிரையில் இருந்து அவரை மேலும் கீழும் பார்த்து "பிழை" என்றார். வந்தவர் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு தலை குனிந்தார். தேத்தண்ணி குடிக்கும்போது தன் கதையைச் சொன்னார். கல்பிட்டியில் ஏற்கனவே ஒரு ஹோட்டல் நடத்துகிறார்களாம். பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் பாய்கிற வெள்ளைக்காரர் நாளெல்லாம் குளிர்பானம் கேட்கிறார்களாம். கொழும்பிலிருந்து வருகிற ஐஸ் பாதி வழியில் தண்ணீராகி விடுகிறதாம். எனக்குக் காது நிமிர்ந்தது. மீன் ஐஸ் வேறு, குடிக்கிற ஐஸ் வேறு என்றேன். வடிகட்டிக் கொதிக்க வைத்த தண்ணீர், தனி டின், தனித் தொட்டி, மூடிய பெட்டியில் எங்கள் லொறி என்றேன். தனித் தொட்டி எங்களிடம் இன்னும் இல்லை. சொல்லி முடிப்பதற்குள் அதை எங்கே கட்டுவது என்று மனதில் இடம் பார்த்துவிட்டேன். அவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று யோசித்தார். பிறகு சொன்னார்: "மிஸஸ், காணி விஷயத்தை உங்க அண்ணனோடயே கதைக்கிறேன். ஐஸ் மட்டும் அடுத்த மாசத்திலிருந்து உங்ககிட்ட எடுக்கிறேன்."

மத்தியானச் சோறு

திருநாளுக்கு அண்ணா வந்தார். ஜெனிக்கு விளையாட்டுச் சாமான், அப்பாவுக்குச் சறுக்காத செருப்பு. முதல் இரவு விறாந்தையில் படுத்தவர் நித்திரை கொள்ளவே இல்லை. டொக், இழுவை, டொக். அண்ணா போய்க் கதவருகில் நின்று பார்த்திருக்கிறார். காலையில் என் முகத்தைப் பார்க்காமல் "பார்த்தன்" என்று மட்டும் சொன்னார். புதுச் செருப்பு கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அப்பா வெறுங்காலோடுதான் போயிருந்தார். கிடைத்த லீவு அவ்வளவுதான், அண்ணா மறுநாள் இரவே திரும்பிப் போகிறவர். கடைசி இரவு ஒன்றுதான் மிச்சம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கணவாய்க் கறி, முருங்கைக்கீரைச் சுண்டல், சோறு. நான் ஜெனிக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். அண்ணா காணியின் விலையை எடுத்துச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அடுத்தது எனக்குத் தெரிந்தபோது நான் மெஷின் முன்னால் நிற்கிறேன், பிள்ளை இடுப்பில், சோற்றுக் கை வால்வில். எப்போது எழும்பினேன், எப்படிக் கதவைத் தாண்டினேன் என்று தெரியாது. உங்களில் பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்: ஆழ்ந்த நித்திரையிலும் பிள்ளையின் மூச்சு ஒரு இழை மாறினால் உடம்பு எழும்பிவிடும், அறிவு பிறகுதான் வரும். எத்தனையோ இரவுகள் பயத்தோடு ஜெனியின் மூச்சையும் அந்த மெஷினின் மூச்சையும் ஒன்றாகக் கேட்டுக் கிடந்தவள் நான். அதன் தொண்டைக்குள் ஒரு முட்டல் கேட்டிருக்கிறது. வாயுவாகத் திரும்ப வேண்டிய அமோனியா திரவமாகவே திரும்பி வந்தால் மெஷினால் அதை மெல்ல முடியாது; விட்டால் அதன் தலை வெடிக்கும், அறை முழுக்க அமோனியா. வரும் வழியைத் திருகி அடைத்தேன். மோட்டாரை நிறுத்தினேன். மெஷின் இரண்டு தரம் இருமி ஓய்ந்தது. ஐஸ் உடைக்கிற இயந்திரம் இரைந்துகொண்டிருந்த மறுகோடியிலிருந்து செபமாலை அண்ணன் அப்போதுதான் ஓடி வந்தார். மெஷினின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார். வெண்பனி படிந்து விறைத்திருந்தது. சிலுவை போட்டுக்கொண்டார்.

திரும்பினேன். அப்பா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார், தடியின்றி. அவருக்கும் கேட்டிருக்கிறது, கதவுவரை வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார், நின்றுபோன மெஷினைப் பார்த்தார், என் சோற்றுக் கையைப் பார்த்தார். 'பிழை'க்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மெல்லத் திரும்பிப் போய், இடது கையால் மிச்சக் கணவாயைச் சாப்பிட்டு முடித்தார். மேசையை விட்டு அசையாமல் இருந்த அண்ணா என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சொன்னார்: "அப்பா தடியத் தேடுறதுக்கு முந்தி நீ போயிட்டாய். எனக்கு இப்பவும் ஒரு சத்தமும் கேக்கல்ல."

இன்றிரவு

மெஷினைக் கழுவித் துடைத்துப் பின்னேரம் மறுபடி ஓடவிட்டோம். இந்த வரிகளை எழுதும்போது அது சீராக மூச்சு விடுகிறது. நாளைக்கு அண்ணா போகிறார். கொஞ்ச நேரத்துக்கு முன் அவர் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தார், கண்ணை மூடாமல். நான் இந்த அறையில் ஜெனியின் தொட்டிலோரம், பேனாவோடு.

டொக்.

கை நின்றுவிட்டது. இழுவை. டொக். விறாந்தையில் அண்ணா எழும்பி இருப்பது கேட்டது. அப்பாவின் அறையிலிருந்து சத்தம் புறப்பட்டு, மேசையைத் தாண்டி, கதவடிக்குப் போனது. போகட்டும் என்று நினைத்தேன். ஒரு மத்தியானத்தில் எதுவும் மாறிவிடாது. ஹோட்டல்காரருக்கு ஐஸ் கொடுக்க இனித் தொட்டி எதற்கு, காணியே இருக்காது.

கதவடியில் சத்தம் நின்றது. நெடுநேரம் நின்றது. மெஷினைத்தான் கேட்டுக்கொண்டு நின்றார் போலும், கதவைத் திறக்காமலே. பிறகு இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம். நான் கிழமைக்குக் கிழமை வீணாக எண்ணெய் போட்டு வந்த தாழ்ப்பாள் அது. இருந்தாலும் பழைய துரு விட்டுக்கொடுக்கவில்லை. கைத்தடியின் பிடியால் ஓர் அடி. இன்னோர் அடி. டங், தாழ்ப்பாள் விழுந்தது. இவ்வளவு சத்தத்தோடு ஒரு கதவைச் சாத்தினால் மடத்தில் ஒரு வாரம் வெளியே நிறுத்தியிருப்பார்கள். இழுவை திரும்பி வந்தது, இந்த முறை அவசரமில்லாமல். கட்டில் முனகியது. சற்று நேரத்தில் குறட்டை.

அண்ணா இருட்டில் என் வாசலில் வந்து நின்றார். தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்தத் தனித் தொட்டி, குடிக்கிற ஐசுக்கு எண்டு சொன்னியே, அத எந்தப் பக்கம் கட்டப் போறாய்?"

ஆகவே சகோதர சகோதரிகளே, பரம்பரைத் தொழிலில் பொறுப்பு கைமாறுவது என்பது வேறொன்றுமில்லை: நேற்றுவரை விழித்திருந்தவர் குறட்டை விடுகிறார், நேற்றுவரை பயந்திருந்தவள் இன்னும் பயத்தோடேயே விழித்திருக்கிறாள், நடுவில் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு இருக்கிறது.